கடலடியைத் தாங்கும் கலம் வெற்றிடத்தைத் தாங்குமா?

காரைக்குடி ஆசிரியை (சனி, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். நேற்று பாய்ம அழுத்தம் பற்றிய பாடத்தில், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் கலத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டேன். மூன்று பேர் உட்காரக்கூடிய அதன் டைட்டானியம் கோளத்தின் உள்விட்டம் 2.1 மீட்டர், சுவரின் தடிமன் 80 மில்லிமீட்டர். பத்து மீட்டர் நீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதி, 6,000 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 600 வளிமண்டலம் என்று முடித்தபோது, ஒரு மாணவி எழுந்து, "அறுநூறு மடங்கைத் தாங்குகிற கோளம், அழுத்தமே இல்லாத விண்வெளிக்குப் போனால் அதையும் தாங்குமா, டீச்சர்?" என்று கேட்டாள்.

விண்வெளியில் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு வளிமண்டலம்தான், 600-ஐத் தாங்குவது ஒன்றைத் தாங்காதா என்று சொன்னேன். மணி அடித்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் என் மனத்தில் சரியாக உட்காரவில்லை. கடலில் விசை வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்துகிறது. விண்வெளியில் உள்ளிருக்கும் காற்று வெளிநோக்கித் தள்ளுகிறது. எங்கள் ஊர்க் கண்மாயில் நீர் மோதும் பக்கத்துக்கு மட்டும்தான் கல் பாவியிருக்கிறார்கள். மறுபக்கம் வெறும் மண்தான். ஒரு திசையில் வரும் விசைக்காகக் கட்டிய ஒன்று எதிர்த்திசையிலும் அதே உறுதியோடு நிற்கும் என்று நான் எந்த ஆதாரத்தில் சொன்னேன்?

திங்கட்கிழமை வகுப்பில் அந்தக் குழந்தைக்கு முழுமையான பதிலைச் சொல்ல விரும்புகிறேன். மத்ஸ்யா போன்ற கோளத்துக்கு மட்டுமல்லாமல், கடற்படையின் பெரிய நீர்மூழ்கிக் கப்பலுக்கும் சேர்த்து விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

---

தேவகோட்டை வெல்டிங் ஆய்வாளர் (சனி, இரவு 11.05)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கப்பல் கட்டும் தளங்களிலும் கொதிகலன் பட்டறைகளிலும் முப்பது ஆண்டுகள் வெல்டிங் ஆய்வாளராக இருந்துவிட்டு, இப்போது தேவகோட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறேன். உங்கள் பதில் சுவருக்குச் சரி, கதவுக்குச் சரியில்லை என்பதே என் கருத்து. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் சுவர். நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்தே கணக்கிட்டால், 6,000 மீட்டர் ஆழத்தில் அந்தக் கோளச் சுவரின் குறுக்குவெட்டில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறக்குறைய 4 டன் அமுக்கு விசையைச் சுமக்கிறது. அதே கோளத்தை உள்ளே சாதாரணக் காற்றோடு வெற்றிடத்தில் வைத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வருவது சுமார் 7 கிலோ இழுவிசை மட்டுமே. அந்த உலோகத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. திசை மாறுவதும் சுவருக்குச் சாதகமாகவே இருக்கிறது, ஏனென்றால் மெல்லிய ஓடு ஒன்றை வெளியிலிருந்து அமுக்கும்போது, உலோகத்தின் வலிமை தீர்வதற்கு முன்பே அது ஓரிடத்தில் நெளிந்து உள்ளே மடிந்துவிடக்கூடும். நீர்மூழ்கிக் கப்பலின் உருளை உடம்புக்குள் அடுத்தடுத்து எஃகு வளையங்களை வைத்துப் பற்றவைப்பது அந்த நெளிவைத் தடுக்கத்தான். உள்ளிருந்து தள்ளும்போது நெளிவு என்ற ஆபத்தே கிடையாது. ஊதிய பலூனைப் போலச் சுவர் தன் வடிவத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆகவே சுவர் வெடித்துவிடுமோ என்ற கவலை வேண்டாம்.

இனிக் கதவுக்கு வருவோம். நம் பக்கத்து வீடுகளின் முகப்புக் கதவை ஒரு முறை நின்று பாருங்கள். அது உள்நோக்கித் திறக்கும். வெளியே நின்று ஒருவர் தள்ளினால் அவரைத் தடுப்பது தாழ்ப்பாள் ஒன்றுதான்; ஆனால் உள்ளே நின்று எத்தனை பேர் வெளிப்பக்கமாகத் தள்ளினாலும், கதவு நிலையின் காடியில் போய் இன்னும் இறுக்கமாக உட்காரும். நீர்மூழ்கியின் வெளிக்கதவு இதற்கு நேர் எதிரானது. அது வெளிநோக்கித் திறக்கும், கடல் அதை நிலையில் வைத்து அழுத்தும். 75 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கதவை எடுத்துக்கொண்டால், 300 மீட்டர் ஆழத்தில் கடல் அதன் மேல் சுமார் 136 டன் விசையோடு உட்கார்ந்திருக்கும். அந்த ஆழத்தில் தாழ்ப்பாளுக்கு வேலையே இல்லை, ஆழம் கூடக்கூட அடைப்பும் இறுகுகிறது. வெற்றிடத்தில் அதே கதவை உள்ளிருக்கும் காற்று சுமார் 4.5 டன் விசையோடு வெளியே தள்ளும். 136-க்கு முன்னால் 4.5 சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் 136 டன்னை ஏந்தியது கனத்த எஃகு நிலை, இந்த 4.5 டன்னை ஏந்த வேண்டியது கீலும் தாழ்ப்பாளும் மட்டுமே.

சன்னல்களும் அப்படியே. ஆழ்கடல் கலங்களின் அக்ரிலிக் சன்னல் ஒரு வெட்டப்பட்ட கூம்பு. அகன்ற முகம் கடல் பக்கமும் குறுகிய முகம் உள்பக்கமும் இருக்கும். பாட்டில் வாயில் தக்கையை அழுத்துவதைப் போலக் கடல் அதைக் குழிக்குள் அழுத்தி அடைக்கிறது. வெற்றிடத்தில் நீங்கள் அந்தத் தக்கையை உள்ளிருந்து விரலால் வெளியே தள்ளுகிறீர்கள். அதைப் பிடித்திருப்பது வெளியே திருகப்பட்ட ஒரு மெல்லிய வளையம்தான், அதுவும் கலத்தைக் கரையில் தூக்கும்போது சன்னல் கழன்று விழாமல் இருக்க வைத்தது.

மூன்றாவது, ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம். வெளி அழுத்தத்துக்கான மூடியில் அந்த வளையம் காடியின் உட்கரையில் சாய்ந்திருக்கும்படி வெட்டுவார்கள், உள் அழுத்தத்துக்கானால் வெளிக்கரையில் சாய்ந்திருக்கும்படி வெட்டுவார்கள். திசை மாறினால் வளையம் காடிக்குள் நகர்ந்து, நீண்டு, மறுகரையைத் தேடிப் போக வேண்டும். அந்த நகர்வின்போது ஒரு மயிரிழை வழி திறந்தாலும் காற்று போய்விடும்.

இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு தளத்தில் பெரிய எண்ணெய்த் தொட்டி ஒன்றின் அடித்தட்டு வெல்டிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுவதும் வைத்ததில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை, எல்லோருக்கும் திருப்தி. தண்ணீரை வடித்த பிறகு, மேலே கண்ணாடி பதித்த பெட்டியை வெல்டிங்கின் மேல் கவிழ்த்து, சோப்புக் கரைசல் தடவி, பெட்டிக்குள் இருந்த காற்றை உறிஞ்சினோம். இரண்டு இடங்களில் ஊசிமுனை அளவு நுரை மெதுவாக எழும்பி, உடைந்து, மறுபடி எழும்பியது. ஒரு நாள் நின்ற தண்ணீருக்கு வழிவிடாத அந்த இரண்டு துளைகளும் காற்றுக்கு வழிவிட்டன. அன்றிலிருந்து, தண்ணீர் கசியாத இடத்தில் காற்றும் கசியாது என்று யார் சொன்னாலும் நான் ஏற்பதில்லை.

வகுப்பில் காட்ட உங்கள் சமையலறையிலேயே பொருள் இருக்கிறது. விசில் வரும் நேரத்தில் குக்கருக்குள் இருக்கும் அழுத்தம் வெளியைவிட ஏறக்குறைய ஒரு வளிமண்டலம்தான் கூடுதல். அதாவது வெற்றிடத்தில் மிதக்கும் கலத்தின் சுவருக்கு எவ்வளவோ, அதே அளவு. உள்மூடி குக்கரில் மூடி உள்ளிருந்து விளிம்பில் போய் உட்காரும், அழுத்தம் கூடினால் அதுவாகவே இறுகும். வெளிமூடி குக்கரில் விளிம்பில் உள்ள பற்கள்தான் மூடியைப் பிடித்திருக்கும். இரண்டையும் குளிர்ந்த நிலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்குக் கதவின் சங்கதி புரிந்துவிடும்.

---

கண்டனூர் வாசகர் (ஞாயிறு, காலை 7.15)

ஆய்வாளர் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆயினும் அழுத்தத்தை மட்டும் பேசிவிட்டு முடிப்பது போதாது என்று நினைக்கிறேன். விண்வெளியின் குளிர் மைனஸ் 270 டிகிரி என்று படித்திருக்கிறோம். எந்தக் கதவு எப்படி அடைத்தாலும், அந்தக் குளிரில் கப்பல் போன சில நிமிடங்களிலேயே உள்ளே இருப்பவர்கள் உறைந்துவிடுவார்கள் அல்லவா? எஃகும் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அப்படியானால் மாணவிக்குச் சொல்ல வேண்டிய முதல் காரணம் குளிர்தானே?

---

கோட்டையூர் மின்வேதியியல் பணியாளர் (ஞாயிறு, காலை 10.30)

கண்டனூர் நண்பரின் ஐயம் பலருக்கும் வருவதுதான், ஆனால் நடப்பது வேறு. பிளாஸ்க்கில் ஊற்றிய காப்பி ஏன் மதியம் வரை சூடாக இருக்கிறது? இரண்டு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால். வெற்றிடம் தொட்டுக் குளிரவைக்காது. அங்கே வெப்பம் வெளியேற ஒரே வழி கதிர்வீச்சு. சூரிய ஒளியில் இருக்கும் கலம் ஒரு பக்கம் வெப்பத்தை வாங்கிக்கொண்டும் எல்லாப் பக்கமும் கதிர்வீசிக்கொண்டும் இருக்கும். பூமியின் தொலைவில் ஒரு சதுர மீட்டருக்கு 1,361 வாட் சூரிய ஆற்றல் கிடைக்கிறது என்பதை வைத்துக் கணக்கிட்டால், பக்கவாட்டில் சூரியனைப் பார்த்து நிற்கும் ஒரு நீண்ட கருப்பு உருளையின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 23 டிகிரி செல்சியஸில் நிலைகொள்ளும். மார்கழிக் காலையில் நம் ஊர்த் திண்ணை இருக்கும் அளவுதான். கருப்புக் கோளமானால் 5 அல்லது 6 டிகிரி. மத்ஸ்யா இறங்கப்போகும் ஆழ்கடல் நீரே அதைவிடக் குளிர்ந்தது. பூமியைச் சுற்றும் தாழ்ந்த பாதையில் ஒவ்வொரு ஒன்றரை மணி நேரச் சுற்றிலும் அரை மணிக்கு மேல் நிழலில் கழிவதால் கணக்கு சற்று மாறும் என்றாலும், ஆயிரக்கணக்கான டன் உலோகம் அந்த நேரத்துக்குள் உறைந்துவிடாது.

அணுசக்தி நீர்மூழ்கிக்கு உண்மையான ஆபத்து சூடு. அதன் உலை தரும் வெப்பத்தில் பெரும்பகுதியைக் கடல்நீர்தான் வாங்கிக்கொள்கிறது. நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சர் குழாய்களுக்குள் இடைவிடாமல் கடல் ஓடிக்கொண்டிருக்கும். உலை 100 மெகாவாட் வெப்பம் தருகிறது என்றும், கப்பல் 100 மீட்டர் நீளமும் 10 மீட்டர் விட்டமும் கொண்ட உருளை என்றும் வைத்துக்கொள்வோம். 27 டிகிரியில் அதன் முழு உடம்பும் சேர்ந்து வெளியே வீசக்கூடியது சுமார் 1.4 மெகாவாட்தான். நூறையும் கதிர்வீச்சாகவே வெளியேற்ற வேண்டுமானால் உடம்பு முழுவதும் ஏறக்குறைய 590 டிகிரிக்குச் சூடேற வேண்டும். மங்கலான சிவப்பில் ஒளிரத் தொடங்கும் சூடு அது. ஆகவே உலையை நிறுத்திவிட வேண்டியதுதான். நிறுத்தினால் மின்சாரத்துக்குப் பேட்டரி மட்டுமே மிஞ்சும்.

பேட்டரியைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகப் பேச அனுமதிக்க வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948-இல் நம் ஊருக்குக் கொண்டுவந்த சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு இயல்பாகவே வரும். ஈய-அமிலப் பேட்டரியில் அமிலம் கீழேயும் வாயு மேலேயும் இருப்பது புவியீர்ப்பின் தயவால்தான். சுற்றுப்பாதையில் மிதக்கும் கலத்துக்குள் மேல், கீழ் என்பது இல்லை. சார்ஜ் ஏற்றும்போது பிறக்கும் ஹைட்ரஜன் குமிழி தட்டை விட்டுப் பிரியாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு பெருக்கும், அமிலத் துளிகள் மூடித் துவாரத்தின் வழியே வெளியே மிதந்து வரும். நீர்மூழ்கியில் ஆக்சிஜன் தயாரிக்கும் முறைக்கும் இதே சிக்கல். கடல்நீரைக் காய்ச்சி வடித்து, மின்னாற்பகுத்து, ஆக்சிஜனை உள்ளே விட்டு ஹைட்ரஜனைக் கடலில் கரைத்துவிடுவார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் தண்ணீரை மின்னாற்பகுத்துத்தான் மூச்சுக் காற்றைப் பெறுகிறார்கள், ஆனால் அங்கே நீரையும் குமிழியையும் பிரிப்பதற்கென்றே தனி ஏற்பாடு தேவைப்படுகிறது. கடல்நீர் இல்லாத இடத்தில் நீர்மூழ்கி தன் தொட்டிகளில் உள்ள தண்ணீரைக் கொண்டே காலம் தள்ள வேண்டும்.

இரண்டு கலங்களும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்கு ஒரு வருத்தமான சான்றும் இருக்கிறது. வேதிப்பொருளை எரித்து ஆக்சிஜன் பெறும் 'ஆக்சிஜன் மெழுகுவத்தி' இரண்டிலும் அவசரத்துக்கு வைத்திருப்பது. 1997 பிப்ரவரியில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் அப்படி ஒன்று தீப்பற்றியது. 2007 மார்ச்சில் பிரிட்டனின் டயர்லெஸ் நீர்மூழ்கியில் அப்படி ஒன்று வெடித்து இரண்டு மாலுமிகள் உயிரிழந்தார்கள். அடைபட்ட இடத்தில் மனிதரை மூச்சுவிட வைப்பது இரண்டு இடத்திலும் ஒரே பாடு.

கோளத்துக்கு வெளியே உள்ளவற்றையும் மறக்கக் கூடாது. ஆழ்கடல் கலங்களில் மோட்டார், மின்பெட்டி போன்றவற்றைத் தடித்த உலோகத்தில் அடைக்காமல், எண்ணெய் நிரப்பி, நெகிழும் ரப்பர் பையோடு இணைத்து, கடலின் அழுத்தத்தையே உள்ளேயும் வரவிட்டுச் சமன்செய்வது வழக்கம். கடலுக்கு மிக நல்ல உத்தி அது. வெற்றிடத்தில் எண்ணெயில் கரைந்திருக்கும் காற்று பொங்கி வெளிவந்து பையை ஊதிக் கிழித்துவிடும். கப்பல் துருப்பிடிக்காமலிருக்க உடம்பில் பொருத்தும் துத்தநாகக் கட்டிகளுக்கு அங்கே வேலையில்லை என்பது மட்டுமல்ல, துத்தநாகமும் காட்மியமும் வெற்றிடத்தில் சூடேறினால் ஆவியாகிப் பக்கத்துப் பாகங்களில் படியக்கூடியவை என்பதால், விண்கலங்களில் அந்த முலாம்களைத் தவிர்க்கிறார்கள்.

நண்பர் சொன்ன குளிர் எங்கே உண்மையாகக் கடிக்கும் என்றால் ரப்பர் வளையங்களில்தான். நிழல்பக்கத்தில் இருக்கும் கதவின் வளையம் மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே போனால், சாதாரண நைட்ரைல் ரப்பர் விறைத்து நெகிழ்ச்சியை இழந்துவிடும். ஆய்வாளர் ஐயா சொன்னபடி காடிக்குள் நகர வேண்டிய வளையம் அந்த நிலையில் நகரவே நகராது.

---

பள்ளத்தூர் நூலகர் (ஞாயிறு, பிற்பகல் 3.20)

இந்தக் கேள்வியின் இரண்டு பக்கத்தையும் தன் வாழ்நாளில் கட்டிப் பார்த்த ஒருவர் இருந்தார் என்பதை ஆசிரியை அவர்கள் வகுப்பில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவர் சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் ஒகுஸ்த் பிக்கார்.

1931 மே 27 அன்று அவரும் அவருடைய உதவியாளர் பால் கிப்ஃபரும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து, ஒரு பெரிய பலூனின் அடியில் தொங்கிய காற்றுப்புகாத அலுமினியக் கோளத்தில் ஏறி 15,781 மீட்டர் உயரம் சென்றார்கள். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். கோளத்தின் சுவர் சில மில்லிமீட்டர் தடிமனே இருந்தும் அது உள்ளிருந்த காற்றைத் தாங்கியது. சிக்கல் வந்தது சுவரில் அல்ல. ஏறும்போதே ஒரு துவாரத்தின் வழியாகக் காற்று சீறிக்கொண்டு வெளியேறத் தொடங்கியது. பிக்கார் பஞ்சையும் வாசலினையும் பிசைந்து அதில் திணித்து அடைத்தார். சற்று முன் ஆய்வாளர் எழுதியதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இந்தக் காட்சிதான்.

அதே மனிதர் பின்னர் கடலின் பக்கம் திரும்பினார். பலூனுக்குப் பதிலாக, நீரைவிட இலேசான பெட்ரோல் நிரப்பிய மிதவை. அதன் அடியில் மனிதர் அமரும் எஃகுக் கோளம். அந்த வழியில் உருவான திரியெஸ்ட் என்ற கலத்தில், 1960 ஜனவரி 23 அன்று அவருடைய மகன் ழாக் பிக்காரும் அமெரிக்கக் கடற்படையின் டான் வால்ஷும் மரியானா அகழியின் அடியைத் தொட்டார்கள். ஆழம் ஏறக்குறைய 10,900 மீட்டர். வானத்துக்குப் போன கோளமும் கடலடிக்குப் போன கோளமும் விட்டத்தில் இரண்டு மீட்டர் சொச்சம்தான். ஆனால் திரியெஸ்ட் கோளத்தின் சுவர் 12.7 சென்டிமீட்டர். உள்ளே இரண்டு மனிதர், ஒரே அளவு காற்று, ஒரே குடும்பத்தின் யோசனை. சுவர் மட்டும் பல மடங்கு தடித்துவிட்டது. கூம்பு வடிவ அக்ரிலிக் சன்னலைக் கடலுக்காகக் கொண்டுவந்தவரும் ஒகுஸ்த் பிக்கார்தான். அதை அவர் தன் பலூன் கோளத்தில் வைத்திருந்தால், அகன்ற முகத்தை உள்பக்கமாகத் திருப்பி வைத்திருக்க வேண்டும்.

இந்தப் பலூன் பயணத்தின் படங்கள் சிறுவயதில் எனக்கு ஒரு பழைய மாத இதழில் கிடைத்தன. அந்தக் கோளத்தின் வட்டச் சன்னலில் தெரிந்த முகத்தை நான் வெகுநாள் மாலுமியின் முகம் என்றே நினைத்திருந்தேன்.

---

காரைக்குடி ஆசிரியை (ஞாயிறு, மாலை 6.00)

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நான் சொன்ன பதிலை எங்கே திருத்த வேண்டும் என்பது இப்போது விளங்குகிறது. ஒரு கேள்வி மட்டும் பாக்கி. ஆய்வாளர் ஐயா, கதவு பறந்துவிடவில்லை, தாழ்ப்பாள் தாங்கிவிட்டது, சிறிய கசிவு மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருப்பவர்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கும்? பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்.

---

தேவகோட்டை வெல்டிங் ஆய்வாளர் (ஞாயிறு, இரவு 8.45)

நல்ல கேள்வி, அம்மா. 2 மில்லிமீட்டர் துளை என்று வைத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்டில் விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயூஸ் கலத்தில் கண்டுபிடித்த துளையும் ஏறக்குறைய அந்த அளவுதான். எபாக்சி பிசின் வைத்து அடைத்தார்கள். அந்த அளவுத் துளையின் வழியே வெற்றிடத்துக்கு நொடிக்குச் சுமார் அரை லிட்டர் காற்று போகும். மத்ஸ்யாவின் கோளத்துக்குள் ஏறக்குறைய 4,850 லிட்டர் இடம் இருக்கிறது. மாற்றுக் காற்று விடாவிட்டால் அழுத்தம் பாதியாகக் குறைய ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். துளையைத் தேடிப் பிடித்து அடைக்க அது போதுமான நேரம்.

அதே துளை 6,000 மீட்டர் ஆழத்தில் இருந்தால் நொடிக்கு உள்ளே வரும் நீரும் அரை லிட்டருக்குச் சற்று மேல்தான். அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த நீர் நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில், துப்பாக்கிக் குண்டைப் போல வரும். அதன் முன்னால் கையை நீட்ட முடியாது, பிசினையும் வைக்க முடியாது. கசிவைப் பொறுத்தவரை வெற்றிடம் கடலைவிடப் பொறுமையானது என்று பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லலாம்.

மத்ஸ்யாவைப் பற்றி என் தொழிலைச் சேர்ந்த ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தடித்த டைட்டானியம் கோளத்தின் பாதிகளை இணைக்க இஸ்ரோவின் மையங்கள் எலக்ட்ரான் கற்றை வெல்டிங்கை உருவாக்கின. அந்த வெல்டிங் நடப்பது காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள். காற்று இருந்தால் கற்றை சிதறிவிடும். ஆகவே, கடலுக்குப் பிறந்த அந்தக் கோளம் தன் முதல் வெல்டிங் இணைப்பை வெற்றிடத்தில்தான் போட்டுக்கொள்கிறது.

---

காரைக்குடி ஆசிரியை (திங்கள், மாலை 5.30)

இன்று வகுப்பு முடிந்தது. வீட்டிலிருந்து உள்மூடி குக்கர் ஒன்றையும், பக்கத்து வீட்டு ஆச்சியிடமிருந்து வெளிமூடி குக்கர் ஒன்றையும் கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை நான் சொன்னது பாதிப் பதில் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, இரண்டு மூடிகளையும் பிள்ளைகளின் கையில் கொடுத்தேன். உள்மூடியைச் சாய்த்து உள்ளே நுழைத்து, மேலே இழுத்து விளிம்பில் பொருத்தும்போது, "உள்ளே இருந்து தள்ளினால் இது இன்னும் இறுகும்" என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

கேள்வி கேட்ட மாணவி மதிய இடைவேளையில் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். கடலுக்கும் விண்வெளிக்கும் போகக்கூடிய கோளம். அதற்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள். வெளிக்கதவு வெளிநோக்கித் திறக்கிறது, கடல் அதை அடைக்கும். உட்கதவு உள்நோக்கித் திறக்கிறது, உள்காற்று அதை அடைக்கும். சன்னலிலும் அதேபோல இரண்டு கூம்புகளை எதிரெதிராக வைத்திருக்கிறாள். ஐயா, இது சரியா என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள்.

---

தேவகோட்டை வெல்டிங் ஆய்வாளர் (திங்கள், இரவு 9.10)

சரிதான், அம்மா. முப்பது ஆண்டு வேலை பார்த்தவன் அந்தப் படத்தில் திருத்துவதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் காற்று அடைபட்டுக்கொள்ளும். வெற்றிடத்தில் அந்தக் காற்று வெளிக்கதவைத் தள்ளும். அது கசிந்து போய்விட்டாலோ, உள்காற்று உட்கதவைத் திறக்க விடாது. ஆகவே நடுவில் உள்ள இடத்தின் அழுத்தத்தைக் காட்ட ஒரு மானியும், அதைச் சமன்செய்ய ஒரு வால்வும் வேண்டும்.

அந்த வால்வை எங்கே வைப்பது என்பதை அவளே யோசித்து வரையட்டும். 1971 ஜூன் 30 அன்று சோயூஸ் 11 பூமிக்குத் திரும்பியபோது, 168 கிலோமீட்டர் உயரத்தில் கலத்தின் பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில் அப்படி ஒரு சமன்செய்யும் வால்வுதான் திறந்துகொண்டது. டோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயேவ் மூவரும் விண்வெளி உடை அணிந்திருக்கவில்லை. வால்வு இருக்கைக்கு அடியில் இருந்தது. கையால் திருகி மூடுவதற்கு, அவர்களுக்கு நினைவு இருந்த நேரத்தைவிட அதிக நேரம் தேவைப்பட்டது. உட்கார்ந்தபடியே எட்டும் தொலைவில், ஒரே திருப்பில் மூடும்படி அதை வரையச் சொல்லுங்கள்.